முன்னாடியே வந்துவிடும் அக்கா

கல்யாண போட்டோகிராபரின் தலையெழுத்து மணப்பெண் அறை வாசலில் நிற்பது. உள்ளே பெண் தயாராகிக்கொண்டே இருப்பாள். வெளியே நான் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிற வருகிற அத்தைமார்களிடம் "இன்னும் பத்து நிமிஷம்" என்று யாரோ சொன்ன பொய்யைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பேன். திருவண்ணாமலையிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் நான் கால் கடுக்க நிற்காத மண்டப வாசல் கிடையாது. அப்படிப் பழக்கமானவர்தான் பார்லர் அக்கா. பெயர் எனக்குத் தெரியும், எழுத மனமில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் பார்லர் அக்காதான், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அக்கா அலங்காரம் செய்கிற கல்யாணத்தில் மட்டும் எனக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை. சாயங்கால ரிசப்ஷனுக்கு மத்தியானமே வந்துவிடுவார். சமையல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார், மேடைக்காரர் துணி கட்டிக்கொண்டிருப்பார், பெண் வீட்டு வேனே வந்து சேர்ந்திருக்காது. பூட்டிக் கிடக்கும் மணப்பெண் அறை முன்னால் தன்னுடைய இரண்டடுக்குப் பெட்டியை வைத்து அதன் மேல் அக்கா உட்கார்ந்திருப்பார். குள்ளமான உருவம், மூக்கில் ஒற்றைக்கல், இடுப்பில் செருகிய புடவைத் தலைப்பில் வரிசையாகப் பின் குத்தியிருக்கும். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், தாலி கட்டி முடிச்சாச்சு. பந்தியில பாயசம் மட்டும் மிச்சம் இருக்கு, சாப்புட்டுப் போங்க" என்பார். உண்மையில் நானே சீக்கிரமாகத்தான் வந்திருப்பேன். அவர் கிண்டலில் நான் என்றைக்கும் தாமதம்தான்.

பௌர்ணமியை ஒட்டி முகூர்த்தம் வந்தால் ஊருக்குள் பஸ் வராது, கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகராது. நாங்களெல்லாம் பைக்கைத் தள்ளிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து மண்டபம் சேர்வோம். அக்கா முந்தின நாளே வந்து, மண்டபத்துப் பாயில் படுத்து எழுந்து, குளித்து, பொட்டு வைத்து நிற்பார். தீபத்துக்கு ஊர் நிரம்புவதற்கு முன்பே அரிசி, பருப்பு, கேஸ் எல்லாம் பார்த்து வைத்துவிடுவார். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருகிற முதல் வார்த்தை "முன்னாடியே". முன்னாடியே சொல்லக் கூடாதா, முன்னாடியே வரக் கூடாதா, முன்னாடியே செஞ்சிருந்தா இந்தப் பாடு உண்டா. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கும் அதே பாட்டுதான். "பொண்ணு பாக்கப் போனா எனக்கு முன்னாடியே சொல்லு தம்பி. நிச்சயத்துக்கு அப்பறம் வந்து நிக்காதே."

தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய பார்லர். ஒரு கல்யாணத்துக்கு என்ன நிறப் புடவை என்று கேட்கப் போயிருந்தேன். அடி அண்ணாமலையிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணம் எப்போது என்று அக்கா கேட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழமைங்க."

அக்கா சீப்பை மேஜையில் போட்டார். "மூஞ்சி இன்னா செவுராம்மா, வந்தன்னைக்கே வெள்ளையடிக்க? ஜாதகம் பாக்க முன்னாடியே போறீங்க. மண்டபம் புடிக்க முன்னாடியே போறீங்க. பொண்ணு மூஞ்சிக்கு மட்டும் கடைசி வாரமா?"

"ஏதோ உங்களால ஆனதைச் செய்யுங்க" என்றார் அந்த அம்மா. அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அக்கா உடனே இறங்கிவிட்டார். அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "அழகாத்தான்டி இருக்கே. அழுதியானா நான் போடற மையெல்லாம் வீணாப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்து ஓர் அட்டை மாத்திரையை எடுத்தார். மஞ்சளாக, எண்ணெய் அடைத்த குட்டி மாத்திரைகள். மூன்று மாதம் முன்னால் வருகிற பெண்களுக்கு மூன்று மாதமும் அதுதான். வேலூரில் பார்லர் வேலை படித்தபோது யாரோ சொல்லிக் கொடுத்தது. மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள்.

"மாத்திரையாங்க? ஒண்ணும் பண்ணாதே?" என்று அந்த அம்மா இழுத்தார்.

"இது மருந்தாம்மா? சத்துதானே! கேரட்ல இருக்கறதுதான் இதுல இருக்கு. கேரட் தின்னு யாருக்காவது எதுனா ஆயிருக்கா?"

அந்த அம்மா அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். நானே அந்தக் கேரட் பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அக்கா பொய் சொல்லவில்லை. அந்தச் சத்தின் மேல் அவருக்கு இருந்தது பக்தி என்றே சொல்லலாம். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது சொன்னார்.

அக்காவின் அம்மா இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது மாலைக்கண் வந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் அடுப்பு தெரியாது, வாசல்படி தெரியாது. அக்காவுக்கு அப்போது ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற வயது. சாயங்காலமானால் விளையாடப் போகாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கும் குழாயடிக்கும் கூட்டிப் போவார். ஆஸ்பத்திரியில் உடம்பில் ஒரு சத்து குறைந்துவிட்டது என்று சொல்லி, அளவாக ஊற்றி ஏதோ எண்ணெய் மருந்து கொடுத்தார்கள், கீரையும் முட்டையும் தின்னச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் அம்மா அக்காவின் கையை விட்டுவிட்டு, "நீ போய் வெளையாடுடி, எனக்குக் கண்ணு தெரியுது" என்றாராம். "அந்தச் சத்துதான் தம்பி இது. எங்கம்மா கண்ணைத் தொறந்த சத்து" என்றார் அக்கா. அப்படிப் பிறந்தவள்தான் தங்கச்சி பவித்ரா. அவளுக்கு விவரம் தெரிவதற்குள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்காதான் வளர்த்தார். ஊரில் இருக்கிற பெண்ணுக்கெல்லாம் கல்யாணக் கொண்டை போட்ட கை, தனக்கென்று ஒரு முழம் பூ வைத்துப் பார்க்கவில்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காவின் மணப்பெண்களுக்கு உதடு வெடித்திருக்கும். எல்லாருக்கும் இல்லை, ரொம்ப நாளாகவோ அதிகமாகவோ அந்த மாத்திரையைப் போட்டவர்களுக்கு. கண்ணால் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது, சாயம் மூடிவிடும். பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் தோல் உரிந்து நிற்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிப்பேன். "உங்க பொண்ணுங்க உதட்டுல மட்டும் எனக்கு வேலை வெச்சு அனுப்பறீங்கக்கா" என்று சொல்லியிருக்கிறேன். "ஒடம்புச் சூடு உதட்டோட போவுது, பளபளப்பு மூஞ்சிக்கு வருது" என்பார். ஒரு சின்ன டப்பாவில் உதட்டுக்குத் தடவும் களிம்பு எந்நேரமும் அவர் கைப்பையில் இருக்கும். மோதிர விரலால் தொட்டு, பெண்ணின் உதட்டில் ஒற்றி ஒற்றித் தடவுவார்.

பவித்ராவின் கல்யாணத்துக்கு அக்கா எவ்வளவு முன்னாடியே ஆரம்பித்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர், சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறவர், நல்ல மனிதர். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தினம் ஒரு மாத்திரை என்றால் சொந்தத் தங்கச்சிக்கு இரண்டு. முகம் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது, என் படங்களிலேயே அழகான மணப்பெண் அவள்தான். உதட்டை அழிக்கத்தான் எனக்கு ராத்திரி ஆகிவிட்டது. புகுந்த வீட்டில் எல்லாரும் அவள் நிறத்தைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டியதால் கல்யாணத்துக்குப் பிறகும் பவித்ரா அந்த மாத்திரையை விடவில்லை. தீரத் தீர அக்கா வாங்கி அனுப்பினார்.

அவள் முழுகாமல் இருந்தபோது ஒரு மண்டபத்தில் அக்கா எனக்கு லட்டு கொடுத்தார். கூடவே செய்தியும். "ஹெல்த் சென்டர்ல இரும்பு மாத்திரை குடுத்திருக்காங்க தம்பி. அதைப் போட்டா இவளுக்கு வாந்தி. வெளிக்கி கறுப்பாப் போவுதாம். உள்ள இருக்கற கொழந்தையும் கறுத்துடுமோன்னு அழுவுறா. வுட்டுத் தொலைடின்னுட்டேன். நம்ம சத்து ஒண்ணே போதாதா? கொழந்தை செக்கச்செவேல்னு பொறக்கும் பாரு."

நான் லட்டைத் தின்றேன். எனக்கு இதில் என்ன தெரியும்? எந்த வெளிச்சத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு மேல் பெண்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பையன் பிறந்தான். நிறமாகத்தான் பிறந்தான். காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சதைத் துண்டு மட்டும் இருந்தது. இதயத்திலும் கோளாறு என்றார்கள், சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று டாக்டர்கள் கேட்டதற்கு பவித்ரா, ஹெல்த் சென்டரில் கொடுத்ததைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவள் மறைக்கவில்லை. அந்த மஞ்சள் மாத்திரை அவள் கணக்கில் மாத்திரையே இல்லை. கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள் என்று மாமியார் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

குழந்தையைப் படம் எடுக்க அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் போகும்போது வழக்கம்போல் அவர் முன்னாடியே வந்து, குழந்தையைக் குளிப்பாட்டி, மை வைத்து, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்து, காது மறைகிற மாதிரி ஒரு கம்பளிக் குல்லாயும் போட்டு வைத்திருந்தார். பவித்ரா அந்தக் குல்லாயைக் கழற்றினாள். "முழுசா எடுங்கண்ணா. எம் புள்ளை எப்பிடி இருக்கானோ அப்பிடி எடுங்க" என்றாள். எடுத்தேன். அவன் என் பிளாஷைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். மாதம் இரண்டு முடிவதற்குள் போய்விட்டான்.

அதற்கப்புறம் அக்கா என் ஸ்டூடியோவுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீ உதடெல்லாம் சரி பண்ணுவியே."

"சொல்லுங்கக்கா."

"காது வைக்க முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். முடியும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். போளூரில் எடுத்த ஒரு பிறந்தநாள் படத்திலிருந்து இரண்டு காதை எடுத்து, வெளிச்சம் பொருந்துகிற மாதிரி வைத்தேன். அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"யாரோட காது இது?"

"ஒரு பர்த்டே பார்ட்டிக் குழந்தைக்கா."

"அந்தக் கொழந்தை நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குக்கா" என்றேன். படத்தைச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு போனார். பவித்ரா அதை வாங்கிக் கூடத்தில் மாட்டி, தினமும் விளக்கேற்றி வைக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதுவரைக்கும் அக்காவுக்கு எதுவும் தெரியாது. கடவுள் செய்தது என்றுதான் இருந்தார். தெரிய வந்தது கார்த்திகையில், தீபத்துக்கு முன்னால் வந்த ஒரு கல்யாணத்தில். மணப்பெண்ணே டாக்டர். மேக்கப் போடும்போது எடுக்கிற படங்களுக்காக நான் அறைக்குள் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் தங்கைக்கும் அடுத்த தையில் கல்யாணம் என்று பேச்சு வந்ததும் அக்கா பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். மணப்பெண் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி வாங்கினாள். அட்டையின் பின்புறத்தைப் படித்தாள்.

"அக்கா, இதைக் கல்யாணம் ஆகப்போற பொண்ணுங்களுக்கா குடுக்கறீங்க?"

"சத்துதானேம்மா. கேரட்ல..."

"கேரட்ல இருக்கறதை நம்ம ஒடம்பு வேணுங்கற அளவுக்கு மாத்தி எடுத்துக்கும்க்கா. இது அப்படி இல்லை. நேராப் போய் ஈரல்ல சேந்துடும், சீக்கிரம் போவாது. இவ்ளோ ஸ்ட்ராங்கா தினம் போட்டுகினு இருக்கும்போது கரு தங்கிச்சுன்னா ஆபத்து. மொத ரெண்டு மாசத்துலதான் மூளை, இதயம், காது எல்லாம் உருவாவுது."

அக்காவின் கையிலிருந்த சீப்பு அந்தப் பெண்ணின் கூந்தலில் பாதியில் நின்றது. நான் கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன். மணப்பெண் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத் திருப்பிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனாள். "முன்னாடியே போட வேண்டிய மாத்திரை வேற இருக்குக்கா. ஃபோலிக் ஆசிட். குழந்தை வேணும்னு நெனைக்கும்போதே ஆரம்பிச்சுடணும், தண்டுவடம் ஒழுங்கா சேர்றதுக்கு. அப்பறம் இரும்புச்சத்து. ரத்தம் கம்மியா இருந்தா பிரசவத்துல தாங்காது. வாந்தி வந்தா, கறுப்பாப் போனா பயப்படக் கூடாது. அதால குழந்தை ஒண்ணும் கறுக்காது. எது போட்டாலும் கேட்டுப் போடணும்."

"எங்கம்மாவுக்கு மாலைக்கண்ணும்மா" என்றார் அக்கா. "இதைத்தானே குடுத்தாங்க."

"அவங்களுக்குக் குறைஞ்சிருந்துச்சுக்கா. டாக்டர் பாத்து, அளவாக் குடுத்திருப்பாங்க. அது வேற."

அக்கா அலங்காரத்தை முடித்தார். பின் ஒன்றுகூடக் கோணவில்லை. மற்றவர்கள் மேடைப் பக்கம் போனபின் பூக்கூடையை எடுக்கிற சாக்கில் அறைக்குத் திரும்பிவந்து, மணப்பெண்ணைத் தனியாகப் பிடித்து, தங்கச்சி பிள்ளையின் கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவள் சொன்ன பதிலை என்னிடம் எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. "இதாலதான்னும் சொல்ல முடியாதாம் தம்பி. இதால இல்லைன்னும் சொல்ல முடியாதாம்."

இந்த வார்த்தை அவரைத் தின்றது. மாத்திரைகளை எல்லாம் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டித் தலைமுழுகினார். அப்புறம் பழைய மணப்பெண்களின் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். என் ஆல்பங்களைப் பார்த்து, யாருக்கெல்லாம் கொடுத்தோம் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு கிளம்புவார். ஆரோக்கியமான குழந்தையைக் கண்டால் மடியில் போட்டுக்கொண்டு முதலில் காதைத் தடவுவார். முக்கால்வாசிக் குழந்தைகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. "இவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆவலையே தம்பி, அப்ப நான் இல்லையோ?" என்று கொஞ்சம் முகம் தெளிந்து வருவார். யாராவது ஒருத்தி, "எனக்கு மொதல்ல ஒண்ணு கலைஞ்சுதுக்கா" என்று சொல்லிவிட்டால் போச்சு, பழையபடி ஆகிவிடுவார். கலைவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஆயிரத்தில் ஒன்று நான்தானே என்றார்.

மணப்பெண்களிடம் நடந்துகொள்வதும் மாறிப்போனது. கண்ணுக்கு மை எழுதிக்கொண்டே காதோரமாக, "மாத்திரை எதுனா போடறியா? முகப்பருவுக்கு எதுனா? கொழந்தைக்கு முன்னாடியே டாக்டரைப் பாத்து ஃபோலிக் வாங்கிப் போடு" என்பார். தாலி ஏறுவதற்கு முன்னால் மருந்தும் ஆஸ்பத்திரியும் பேசினால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்? ஒரு மண்டபத்தில் பெண்ணின் அம்மா எல்லார் எதிரிலும், "நல்ல காரியத்துல வந்து நாக்குல சனியை வெச்சுகினு பேசறியே" என்று கத்திவிட்டார். அக்கா பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்து நின்றார். பிறகு கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சென்னையிலிருந்து ஆட்களை வரவழைப்பதுதான் கௌரவம் என்றும் ஆகிவிட்டது. அவர்கள் வேனில் தாமதமாக வந்து இறங்குவார்கள். நான் மறுபடியும் வாசலில் நின்றேன்.

இவ்வளவும் செய்த அக்கா ஒன்றை மட்டும் செய்யவில்லை. பவித்ராவிடம் சொல்லவில்லை.

தீபம் முடியட்டும் என்றார். முடிந்தது. தை பிறக்கட்டும் என்றார். பிறந்தது. பிறகு சிவராத்திரி என்றார். எதையும் தள்ளிப்போட்டுப் பழக்கமில்லாத மனுஷி தள்ளிப்போடும்போது பார்க்கச் சகிக்கவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. "அவங்க அடுத்த குழந்தைக்குப் பாக்கறதுக்குள்ள சொல்லிடுங்கக்கா" என்று ஒருநாள் சத்தமாகவே சொன்னேன்.

"நான் வாங்கிக் குடுத்தாதானே அவ போடுவா? நான்தான் நிறுத்திட்டேனே" என்றார். பிறகு, "அந்தப் போட்டோவுக்கு வெளக்கு ஏத்திட்டு அவ என் மடியில வந்து படுத்துக்கறா தம்பி. எனக்கு வேற யாரு இருக்கா?" என்றார்.

பங்குனியில் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் தயவில் அக்காவுக்கும் அதில் வேலை கிடைத்தது. "நீயும் கூட வா தம்பி. நீ நின்னா நான் சொல்லிடுவேன்" என்றார். காலையிலேயே என் பைக்கில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் வேர்க்கடலைக் காடு. பவித்ரா வீட்டு வாசலில் இறங்கியதும் புடவையை நீவிவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கணும், இல்லே?" என்று மட்டும் கேட்டார்.

பவித்ரா கதவைத் திறந்தாள். முகம் பளபளவென்று இருந்தது. அக்காவைக் கண்டதும் வாயெல்லாம் சிரிப்பு. சிரித்தபோது கீழுதடு நடுவில் வெடித்து, ஓரங்களில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். எத்தனை உதட்டு வெடிப்புகளை அழித்த கண் எனக்கு. அக்காவும் பார்த்துவிட்டார்.

"சரியான நேரத்துக்கு வந்தேக்கா! நானே போன் பண்ணலாம்னு இருந்தேன்" என்று உள்ளே ஓடி, ஒரு கரண்டி சர்க்கரையோடு வந்து அக்காவின் வாயில் போட்டாள். "நாள் தள்ளிப் போயிருக்கு. நேத்துதான் மெடிக்கல்ல டெஸ்ட் கார்டு வாங்கிப் பாத்தோம்."

அக்கா சர்க்கரையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, கைப்பையிலிருந்து களிம்பு டப்பாவை எடுத்தார். மோதிர விரலால் உதட்டில் ஒற்றியபடியே கேட்டார். "அந்த மஞ்சள் மாத்திரை போடறியாடி?"

"பின்னே? நீ அனுப்பறதை நிறுத்திட்டே, உனக்கு என்ன கஷ்டமோன்னு நான் கேக்கலை. காலி அட்டையைக் காட்டி இங்கயே மெடிக்கல்ல வாங்கிக்கறேன்."

அக்கா சொல்லிவிட்டார். நான் சாட்சி. அந்த டாக்டர் பெண் சொன்னது, ஈரல், முதல் இரண்டு மாதம், காது என்று எதையும் விடாமல், தான் வாங்கிக் கொடுத்ததுதான் என்று தன் நெஞ்சில் கையை வைத்து, அழாமல் சொன்னார். இன்றைக்கே நிறுத்து, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், இதைப் போட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லு என்றார். பவித்ரா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அக்காவின் கன்னத்தைத் தொட்டாள்.

"எம் புள்ளை போனதுல இருந்து நீ எதையாவது போட்டுக் கொழப்பிக்கறேக்கா. ஆஸ்பத்திரிக்கு வர்றேன், அதுக்கென்ன. ஆனா இது மருந்தா? சத்துதானே. கேரட்ல இருக்கறதுதான்னு நீதானே சொன்னே."

"நான் தெரியாம சொன்னேன்டி!"

"நீ தெரியாம எதையும் செய்ய மாட்டே." பவித்ரா கூடத்துச் சுவரைப் பார்த்தாள். சட்டத்துக்குள் குழந்தை நான் வைத்த காதுகளோடு இருந்தான். "போன வாட்டி தப்பு என்னுதுக்கா. வாந்தி வருதுன்னு இந்த மஞ்சள் மாத்திரையைக்கூட அப்பப்ப போடாம வுட்டுட்டேன். உன்கிட்ட சொல்லலை, திட்டுவேன்னு. சத்து பத்தாமதான் அவனுக்குக் காது வளரலை."

வெடித்த உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "இந்த வாட்டி கார்த்திகையிலேயே, முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன். ஒரு நாள்கூட வுடலை."